கண்மூடித்தனமாக

கண் மருத்துவமனை நடைக்கூடத்தில் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். நான் அங்கே நோயாளியாகப் போகவில்லை. என் கண் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி, ஒரு சொல்லைப் பொய்யாக்கப் போனேன்.

அதற்குச் சில வாரம் முன், பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு ஏற்றத் தெருவோடு நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவுக்குள் என் ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். இடப்பக்கம் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்த நெசவாளர் வாசுவுக்குக் கால் முறிந்தது. "சர்வேயர் சார், பாவு மேலயே சங்கிலி போட்டு அளக்கிறீங்களா?" என்று அந்த வலியிலும் கத்தினார்.

'கண்மூடித்தனமாக ஓட்டியது' என்று வழக்கு எழுதினார்கள். ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் முடக்கப்பட்டது. நாற்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான். நில அளவையில் ஓர் அங்குலம் பிசகாதவன்.

அப்படி எழுதச் சொன்னது மகன் சேகர்தான் என்று எனக்குச் சந்தேகம். ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைக்க அவன் காரணம் தேடிக்கொண்டிருந்தான். இந்த மருத்துவரிடம் அழைத்து வந்ததும் அவன்தான்.

பார்வைப்புலச் சோதனையில் (பார்வை எதுவரை எட்டுகிறது என்று அளப்பது) ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அறுபத்திரண்டு முறை அழுத்தினேன்.

"இடது கண்ல ஓரப் பார்வை போயிருக்குது ஐயா. கிளாக்கோமா" என்றார் மருத்துவர். (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அரிக்கும் நோய்.)

"இருட்டா ஒண்ணும் தெரியலையேம்மா?"

"தெரியாது. இல்லாத எடத்தை மூளையே நிரப்பிக்கும்."

"மெஷின்கிட்டயும் என் பையன் பேசிட்டான் போல."

"வாசு அண்ணன்கிட்டயும் நான்தான் பேசினேனாப்பா?" என்றான் சேகர். "அங்கயே நில்லு, எங்கப்பா வந்து மோதுவாருன்னு?"

சில வாரம் பொறுத்து, நானே சோதிக்க அதே தெருவுக்கு நடந்து போனேன். புதுப் பாவு நீட்டியிருந்தார்கள். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, நேரே பார்த்தபடி ஆட்களை எண்ணினேன். நான்கு பேர்.

"இன்னா சார், இன்னைக்கும் நான் தெரியலையா?"

தலையைத் திருப்பினேன். இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் வாசு. ஐந்தாவது ஆள்.

மூன்று மாதத்தில் உரிமம் திரும்பி வந்தது. என் கண்ணைப் பற்றி யாரும் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதவில்லை. நானே எழுதிக் கொடுத்து, உரிமத்தை ஒப்படைத்தேன். 'கண்மூடித்தனமாக' என்ற சொல்லை எதிர்த்து எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டேன்.

போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காக்கக் காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து. ஸ்கூட்டரில் ஏழு நிமிட மருத்துவமனை வழி எனக்கு இப்போது நடந்து முப்பத்தொரு நிமிடம். சேகரை இன்னும் முழுதாக நம்பவில்லை. என் இடக்கண்ணை அதைவிடக் குறைவாக நம்புகிறேன்.

அடுத்த சோதனைக்குப் போனபோது அதே நடைக்கூடத்தில் உட்கார்ந்து, கழுத்தை இடக்கோடிவரை திருப்பி, நாற்காலிகளை மறுபடி எண்ணினேன்.

பதினாறு.