பூண்டுப் பரணுக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர்

கொடைக்கானல் மலைமேல் கவுஞ்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். முன்னறையில் கட்டில், பீரோ, என் மேசை. பின்னறை அடுப்படி. நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. அதன் மேல் இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு மூங்கில் பரண். அறுவடை முடிந்ததும் பரணில் பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கும். அடுப்புப் புகை ஏறி ஏறிப் பழுப்பானால்தான் அது அடுத்த விதைப்பு வரைக்கும் கெடாமல் நிற்கும். அந்தப் பரணுக்குக் கீழேதான் என் கம்ப்யூட்டரை வைத்தேன். வீட்டில் வேறு இடம் இல்லை.

என் வேலை புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது. கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். மலைக்கு வந்தபின் அந்த வேலை போனது, குரல் மட்டும் மிஞ்சியது. சென்னையில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்று என் குரலைக் கேட்டுவிட்டுச் சிறுகதைகளாக அனுப்பத் தொடங்கியது. பழைய லேப்டாப் ஒருநாள் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டதும், பாகங்களை வாங்கி நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன். மதுரையில் வாங்கிய மதர்போர்டை மலைப்பாதை முழுக்கப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீடியோவைப் பார்த்துப் பார்த்து நான் திருகாணி முடுக்க, என் கணவர் டார்ச் பிடித்தார். முதல் அழுத்திலேயே திரையில் வெளிச்சம் வந்தது.

என் மாமியாரான அத்தைக்குக் கம்ப்யூட்டருக்குள் சுற்றிய சின்ன விசிறியைப் பார்த்து ஆச்சரியம். எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது, ஊரிலும் யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

"ஏத்தா, நாம கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்குறோம். இதுக்கு மட்டும் வேர்க்குதா?" என்றார்.

"உள்ள புராசஸர்னு ஒண்ணு இருக்கு அத்தை. அதுதான் மூளை. வேலை செஞ்சா கொதிக்கும்."

"யோசிச்சா கொதிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் பூண்டு உரிக்கப் போனார்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. கூடவே இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய நாவல் என்னைத் தேடி வந்தது. அதுவரை நான் வாசித்தவை எல்லாம் அரைமணி நேரக் கதைகள். இது ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. வசனங்களுக்கு நடுவே நீண்ட மௌனங்கள் உண்டு. படித்து முடித்தபோது இதை வேறு யாரும் வாசிக்க விடக்கூடாது என்று தோன்றியது. முதல் அத்தியாயத்தைப் பதிந்து அனுப்பினேன். ஒலி மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"மேடம், குரல் பிரமாதம். ஆனா பின்னாடி ஏதோ மாவு மில் ஓடுதே, என்ன அது?"

"மில்லா? இங்க அப்படி எதுவும் இல்லீங்களே."

"நீங்க பேசும்போது தெரியல. நிறுத்தும்போது கேக்குது. அந்த மௌனம்தான் இந்த நாவலே. சத்தத்தச் சரி பண்ணி அனுப்புங்க. முடியலேன்னா வேற குரலத்தான் பாக்கணும்."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். நாவலில் பாட்டி செத்துக் கிடக்கிறாள், மகன் வாசலில் நிற்கிறான், ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த இடத்தில் என் கம்ப்யூட்டர் 'கிர்ர்' என்று அரைத்துக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது போர்வை. வீட்டிலேயே தடிமனான ஆட்டுரோமக் கம்பளி ஒன்று இருந்தது, மன்னவனூரில் வாங்கியது. அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போர்த்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். சத்தம் அமுங்கியது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன், திரை பொட்டென்று இருண்டது. கம்பளியைத் தூக்கினால் உள்ளேயிருந்து இட்லிச் சட்டியைத் திறந்தமாதிரி அனல் அடித்தது. சூடு தாங்காமல் தானாக அணைந்திருக்கிறது. அன்று வாசித்தது முழுக்கப் போனது.

அடுத்து, பெட்டியை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் என்ன என்று யோசித்தேன். சத்தமும் வெளியே போகும், மலைக்குளிர் சூட்டையும் பார்த்துக்கொள்ளும். கணவர் பலகை அடித்து மேலே பாலித்தீன் கட்டிக்கொடுத்தார். ஒயர்களை ஜன்னல் வழியே உள்ளே இழுத்தேன். காலையில் வெயில் இருந்தது. மத்தியானம் பள்ளத்திலிருந்து மஞ்சுமூட்டம் ஏறி வந்து வீட்டை மூடியது.

"வெரசா வாத்தா! ஒம் பொட்டி நனைஞ்சு கெடக்கு!" என்று அத்தை வெளியிலிருந்து கத்தினார்.

ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியை உள்ளே தூக்கி வந்தேன். தகரமெங்கும் முத்து முத்தாக ஈரம். காயவைக்க வேண்டுமென்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். அப்போதுதான் உண்மையான வினை என்ன என்று தெரிந்தது.

புராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் அலுமினியச் சீப்பின் பல்லுக்குப் பல் கரி அடைத்திருந்தது. சாதாரணத் தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டும் அடுப்புப் புகைக்கரி. அதில் பூண்டுச் சருகு ஒட்டி, விசிறி இறக்கைகள் கருங்காக்கை இறகாக இருந்தன. காற்றுப் போக வழியில்லாமல்தான் அந்தச் சின்ன விசிறி உயிரைக் கொடுத்துச் சுற்றியிருக்கிறது.

"பூண்ட எறக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார் அத்தை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"எறக்கச் சொல்லல அத்தை. பூண்டுதான சோறு போடுது."

பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு பகல் முழுக்கச் சுரண்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதிச் சத்தமும் சத்தம்தான். அந்த உள்ளங்கை அளவுச் சீப்பும் விசிறியும் இதற்குப் போதாது. பெரிய சீப்பும் பெரிய விசிறியும் இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும். மெதுவாகச் சுற்றினால் சத்தம் இருக்காது. பெட்டிக்குள் எவ்வளவு உயரம் கொள்ளும் என்று டேப் வைத்து அளந்து, சரியான மாடலைத் தேர்ந்தெடுத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் கேரட் லோடோடு ஒட்டன்சத்திரம் போனவர், திண்டுக்கல்லுக்கும் போய் வாங்கி வந்தார்.

"இது என்ன, டிராக்டர் ரேடியேட்டர் கணக்கா இருக்கு?" என்று அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

உண்மைதான். செம்புக்குழாய்கள் வளைந்து மேலேறி, அடுக்கடுக்காகத் தகடுகள், அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு விசிறி. புராசஸர் மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்து, அந்தத் தகட்டுக் கோபுரத்தை அதன்மேல் அமர்த்தி முடுக்கினேன். தகடு மூடுவதற்கு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. பெருமையோடு சுவிட்சைப் போட்டேன். திரையில் வெப்ப அளவு ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. அணைந்துவிட்டது.

மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது. மத்தியானக் கஞ்சிகூட இறங்கவில்லை.

"விடு. பழசையே மாட்டிருவோம். நாவல் இல்லேன்னா கதை வாசிச்சுக்க" என்றார் கணவர்.

"மாட்டேன்" என்றேன். கோபத்தோடு கோபுரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பசை அடியில் பரவியிருந்தது, ஆனால் ஏதோ பளபளத்தது. நகத்தால் கீறினேன். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உரிந்து வந்தது. கீறல் விழாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பியது. ஓரத்தில் 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக எழுதியே இருந்தது. நான் அதைக் கணவரிடம் நீட்ட, அவர் படித்துவிட்டு என்னைப் பார்க்க, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தை என்னவோ ஏதோவென்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

துடைத்துவிட்டுப் புதுப்பசை வைத்து மறுபடி மாட்டினேன். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பதில் போய் நின்றுவிட்டது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஐம்பதைத் தாண்டவில்லை. சமவெளியில் இருப்பவர்களுக்கு வாய்க்காத குளிர்காற்று எங்களுடையது. செட்டிங்ஸுக்குள் போய் விசிறி வேகத்தை இறக்கிக்கொண்டே வந்தேன். புராசஸர் தேவையில்லாமல் துள்ளாதபடி அதன் உச்ச வேகத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்தினேன். ஓர் இடத்தில் விசிறி சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இனி கரி ஏறாமலிருக்க ஒரு வடிகட்டி வேண்டும். அத்தையே தன் நைலக்ஸ் சேலையின் முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். பெட்டி காற்றிழுக்கும் முன்பக்கத்தில் அதை இழுத்துக் கட்டினேன். வாரத்துக்கொருமுறை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போடுவது தன் சோலி என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் வெள்ளனே அத்தையும் கணவரும் காட்டு வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வெறும் மௌனத்தைப் பதிந்து கேட்டேன். கம்ப்யூட்டர் சத்தத்தைக் காணோம். அதற்குப் பதில் சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று ஆணி அடிப்பதுபோல் கேட்டது! அதுநாள்வரை அது சத்தம் போடும் என்பதே எனக்குத் தெரியாது. கழற்றிக் கட்டிலில் தலையணைக்கடியில் போட்டுவிட்டு முதல் அத்தியாயத்தை வாசித்தேன். பாட்டி செத்துக் கிடந்தாள், மகன் வாசலில் நின்றான். நான் நிறுத்தினேன். இந்த முறை அங்கே எதுவுமே இல்லை. என் கண் கலங்கி அடுத்த வரி தழுதழுத்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மேற்பார்வையாளர் அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

"மேடம், இது எந்த ஸ்டூடியோ? கொடைக்கானல்லயா?"

"இல்லீங்க, கவுஞ்சி. எங்க வீடுதான்."

"வீடா? உங்க மூச்சு எடுக்குறது கேக்குது, வேற ஒண்ணும் கேக்கல. இங்க எங்க ரூமே இவ்வளவு சுத்தமா இல்ல. நாவல் உங்களோடதுதான். முழுசா முடிங்க."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். கணவர் மேல்வயலில் நின்றுகொண்டிருந்தார். படிப்படியாக இறங்கும் அத்தனை வயல்களுக்கும் கேட்கும்படி, "கெடைச்சிருச்சுங்க!" என்று கத்தினேன். அவர் மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்.

நாவல் வெளியானபோது கேரட் பிடுங்கும் பருவம். அத்தை போனில் அதை ஓடவிட்டு, காலி பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு வரப்பில் வைத்தார், அப்படி வைத்தால் சத்தம் கூடும். என் குரல் வயலெங்கும் கேட்டது. பெண்கள் கை வேலையை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பாட்டி சாகும் இடம் வந்தது. நான் நிறுத்திய இடத்தில், நின்றுபோனதோ என்று ஒருத்தி வாளியை எட்டிப் பார்த்தாள்.

"தொடாத. எம் மருமக இன்னும் முடிக்கல" என்றார் அத்தை.