கண்ணாடி போடாத தங்கை

நாங்கள் இருக்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடை நம்மூர் நகைக்கடை மாதிரி இருக்கும். கதவைத் திறந்ததும் கண்கூசும் வெளிச்சம், சுவர் முழுக்க விதவிதமான பிரேம்கள், உட்கார மெத்தை நாற்காலி, குடிக்கத் தண்ணீர். பார்வையில் எந்தக் குறையும் இல்லாதவர்கள்கூட அழகுக்கென்று வந்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போவார்கள். கர்ப்பமாக இருந்தபோது, ஏழாம் மாத வாக்கில், பேருந்தின் எண் எனக்கு மங்கத் தொடங்கியது. புதுக் கண்ணாடி வாங்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி செய்து தரும் ஆப்டிகர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சோதித்துப் பார்த்துவிட்டு, பவர் கொஞ்சம் ஏறியிருப்பது உண்மைதான் என்றார். கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் கோப்பதுபோல் கருவிழியும் லேசாக உப்பி வளைவு மாறும், பிள்ளை பிறந்து சில மாதங்களில் பழையபடி ஆகிவிடலாம், அதனால் இப்போது செய்து தரமாட்டேன், பிறகு வாருங்கள் என்றார். தலைவலியோ திடீர் மங்கலோ வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் போகச் சொன்னார். வாங்க வந்தவளைக் கடைக்காரரே திருப்பி அனுப்புவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

கிளம்பும்போது, பிள்ளை பிறந்தபின் லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "செய்யலாம். ஆனால் இந்த ப்ரில்லே உங்களுக்கு என்ன தொந்தரவு கொடுக்கிறது?" என்றார். ப்ரில்லே என்றால் மூக்குக்கண்ணாடி. மூக்கில் அழுத்துகிறதா, காது வலிக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருக்க வேண்டும். நான் யோசிக்காமல், "என் தங்கை போடுவதில்லை" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தங்கையையும் ஒருநாள் அழைத்து வாருங்கள், அவருக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த ஊரில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல முடியாது. ஊரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

அரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு 'சோடாபுட்டி வூடு' என்றே பெயர். நானும் தங்கை ஸ்டெல்லாவும் பள்ளிக்கூடம் போகும்போதே தடித்த கண்ணாடி போட்டவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் இருந்ததால் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும்தான் அது குறையானது. பெண் பார்க்க யார் வந்தாலும் அம்மா என் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். "கண்ணாடி போட்ட பொண்ணுன்னா நாளைக்கு பொறக்கற புள்ளைக்கும் வரும்னுவாங்க, கொஞ்ச நேரம் சமாளிச்சிக்க" என்பாள். காண்டாக்ட் லென்ஸ் வைத்தால் என் கண் சிவந்து நீர் வடியும். அதனால் வந்தவர்களில் மாப்பிள்ளை யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். என்னைக் கட்டிக்கொண்டவர் ஓசூரில் வேலையில் இருந்தார். கண்ணாடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டது கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர். "கண்ணாடிய கழட்டிடுங்க மேடம், லைட்டு அடிக்குது." கழற்றினேன். மாதா கோவிலில் பூசை முடிந்து மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்கு எதிரே வெள்ளையாக ஒருவர் நெருங்கி வந்தார். எங்கள் பங்குச்சாமியார்தான் என்று நினைத்து, கைகளைக் கூப்பி, தலை குனிந்து, "தோத்திரம் சாமி" என்றேன். "ஐயோ, நான் பந்தி மேஸ்திரிங்க. எல போட்டு நிக்குது, ஆளுங்கள சாப்பிட அனுப்பச் சொல்லுங்க" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடமே அப்பா ஸ்டெல்லாவைச் சேலத்துக்குக் கூட்டிப் போய் லேசர் செய்ய வைத்துவிட்டார். "பெரியவ பட்ட பாடு சின்னவ படக்கூடாது" என்றாராம். அப்போது நான் கணவரின் வேலையோடு இங்கே வந்துவிட்டிருந்தேன். வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் இருந்த அந்தத் தழும்பு மறைந்து, கண்கள் பெரிதாக, யாரோ பணக்கார வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள். "அக்கா, செவுத்துல பல்லி இருக்கறது படுத்துக்கிட்டே தெரியுதுக்கா" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமாக இல்லை. ஊர் சிரித்தது என்னைப் பார்த்து. கண் கிடைத்தது அவளுக்கு. காலையில் கண் விழித்ததும் தலையணைப் பக்கம் எதையும் தேடாத அவள் கையை நினைத்துப் பல நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மகள் பிறந்தபோது அது இன்னும் கூடிப்போனது. பிரசவ அறையில் வலியில் புரண்டதில் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தார்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக, சூடாக ஏதோ ஒன்று. முகம் தெரியவில்லை. "ஷோன், ஷோன்" என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டே இருந்தார்; அழகு, அழகு என்று அர்த்தம். என் கணவர் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் குனிந்து கண்ணாடியைத் தேடினார். அவர் அதைக் கண்டெடுத்துத் துடைத்து என் முகத்தில் மாட்டும் முன்பே ஸ்டெல்லாவின் பதில் வந்துவிட்டது. "மூக்கு அப்படியே எம் மூக்கு." நான் பெற்ற பிள்ளையின் மூக்கை எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது ஊரில் ஞானஸ்நானம் கொடுக்க முடிவானது. ஞானத்தாயாக ஸ்டெல்லா நிற்க வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள். அவள் கல்யாணமாகித் தருமபுரியில் இருக்கிறாள், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், இன்னும் குழந்தை இல்லை. மறுப்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. எனக்கு வேறொரு திட்டம் இருந்தது. அந்த விடுமுறையிலேயே லேசரை முடித்துவிட்டு, வெறும் முகத்தோடு இங்கே திரும்பிவிட வேண்டும்.

ஊருக்குப் போன வாரமே சேலத்துக்குப் போனோம். அம்மா, நான், குழந்தை, லீவு போட்டுவிட்டு வந்திருந்த ஸ்டெல்லா. டாக்டர் சின்ன வயதுப் பெண். எல்லாச் சோதனையும் முடித்துவிட்டுக் கடைசியாக, "பால் குடுக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப இப்ப வேண்டாம்மா. பால நிறுத்தி நாலஞ்சு மாசம் போகட்டும். ரெண்டு மூணு தடவ பார்த்து, பவர் மாறாம நிக்குதான்னு தெரியணும். இப்ப செஞ்சா, பவர் அப்புறமா நகந்துட்டா, திரும்பவும் கண்ணாடிதான் போடணும்."

நாலைந்து மாதம் கழித்து நான் ஜெர்மனியில் இருப்பேன். அடுத்து எப்போது வருவோம் என்று தெரியாது. அங்கேயே செய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணவரும் போனில் அதைத்தான் கேட்டார். தெரியாத மொழியில், பிள்ளையைப் பிடிக்க ஆள் இல்லாத வீட்டில், கண்ணைக் கொடுத்துவிட்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது மலைக் கணவாயில் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. காரின் முன்சீட்டில் இருந்த ஸ்டெல்லா தூரத்து லாரிகளின் முதுகில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் குழந்தை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு ஏன் சொன்ன? இல்லன்னு சொல்லித் தொலைக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"கேட்டாங்கம்மா."

"கேட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவியா?"

"அக்கா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல செய்யாத பாவத்தையும் சேத்து சொல்ற ஆளும்மா" என்றாள் ஸ்டெல்லா முன்னால் இருந்து. டிரைவரும் சிரித்தார்.

கணவாய் இறங்கியதும் ஒரு கடையோரம் டீக்கு நிறுத்தினோம். ஸ்டெல்லா டம்ளரை ஊதிக்கொண்டே, "ஏங்க்கா, நான் மாசமானா எனக்கும் பவர் திரும்ப வந்துடுமா?" என்று கேட்டாள். இங்கே ஜெர்மனியில் வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவச்சி முதல் இணையம் வரை நான் கேட்டும் படித்தும் வைத்திருந்தேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் கொஞ்சம் மாறி மறுபடி சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். "சிலருக்கு வருமாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் முகம் வாடியது. டீ நன்றாக இருந்தது.

வீடு சேர்வதற்குள் அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள். "பெங்களூர்ல வேற ஆஸ்பத்திரி பாக்கலாம். நிறுத்தி ஆறு மாசமாச்சின்னு சொல்லிக்க. ஆனா முழுப் பொய்யா சொல்லக்கூடாது பாரு, அதனால மொதல்ல நெசமாவே நிறுத்திடு. வேப்பங்கொழுந்து அரைச்சுத் தடவுனா ரெண்டே நாளு. உங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் மறக்கடிச்சேன், செத்தா போயிட்டீங்க." இங்கே என் மருத்துவச்சியிடம் எத்தனை மாதம் பால் கொடுக்கலாம் என்று கேட்டபோது, உங்கள் இருவருக்கும் பிடிக்கும்வரை என்று சொல்லியிருந்தார். அப்போது அது பொறுப்பில்லாத பதிலாகப் பட்டது. அம்மா சொன்னது உறுதியாக இருந்தது. உறுதியாக யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். சிறுவயது முதல் அப்படித்தான்.

அடுத்த நாள் காலையில் வேப்பங்கொழுந்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை வாய் வைத்தவுடன் விலகினாள். நாக்கை வெளியே நீட்டினாள். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. இதைச் செய்தது நான்தானா என்று உறுதி செய்துகொள்வது மாதிரி இருந்தது. மத்தியானம் மறுபடி ஒருமுறை. அதன்பிறகு என் மடிக்கே வரவில்லை. ஸ்டெல்லாவிடம் போனாள். அவள் கொடுத்த பசும்பாலைக் குடித்தாள், அவள் தோளில் தூங்கினாள். ஸ்டெல்லாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, இமைமேல் விரலை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். என் முகத்தில் அந்த விரல்கள் எப்போதும் கண்ணாடியில்தான் முட்டும். நான் மார்பில் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு, ஈரத்துணியை வைத்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தேன். கண்ணுக்காகத்தான், கண்ணுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்கென்று கணவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார், அன்றிரவே திரும்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் ஸ்டெல்லா குழந்தையை ஏந்தி நின்றாள். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அலறி, ஸ்டெல்லாவின் சேலையைப் பற்றிக்கொண்டாள். நான் ஓரடி தள்ளி நின்றேன். கையை நீட்டினேனா என்று நினைவில்லை. நீட்டியிருந்தாலும் அவள் பார்க்கவில்லை.

வீட்டில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்களுக்கு நடுவே ஸ்டெல்லா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்கிட்டயே தூங்கிட்டா பாருக்கா. உன்னை மறந்தே போயிட்டா. பேசாம இங்கியே வுட்டுட்டுப் போயிடு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்புப் போட்டுத் தோல் எரியும்வரை கழுவினேன். திரும்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவள் மடியிலிருந்து எடுத்து, உள்ளறைக்குக் கொண்டுபோய், எழுப்பி மார்பில் போட்டேன். முகர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு குடித்தாள். வலியில் உயிர் போனது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. யாரை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்ப பெங்களூரு?"

"வேண்டாம்மா."

அம்மா திரும்பி நடந்தாள். பிறகு கூடத்துக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னாள். "கண்ணு போனா போவட்டும், புள்ள வயிறு காயக்கூடாதுன்னுட்டா. எம் பெரிய பொண்ணு அப்படி." பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்களெல்லாம் கை கழுவிய ஈரத்தோடு என்னை வாழ்த்தினார்கள். ஒரு அத்தை என் கன்னத்தை வழித்து, "தாயின்னா இப்படி இருக்கணும்" என்றாள். நான் மறுக்கவில்லை. ஸ்டெல்லா அறை வாசலில் நின்றாள். "என்னால முடியாதுக்கா இது" என்றாள். பிள்ளை படுத்திருந்த இடத்தில் கசங்கிக் கிடந்த சேலையை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள். அது நேராகவே இல்லை. டீக்கடையில் நிறுத்திக்கொண்ட மீதியை அப்போது சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகாது ஸ்டெல்லா, ஆனாலும் சரியாகிவிடும் என்று. பிள்ளை குடித்துக்கொண்டிருந்தாள், அசைய முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்ததில் எது சரி, எது தப்பு என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானும் குழந்தையும் கிளம்பிய அன்று அம்மாவும் ஸ்டெல்லாவும் பெங்களூர் விமான நிலையம் வரை வந்தார்கள். உள்ளே நுழையும் வாசலில் காவலர் பாஸ்போர்ட்டை வாங்கி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் கண்ணாடி கிடையாது. கண்ணாடியோடு எடுத்தால் ஏற்கமாட்டார்கள். "கழட்டுங்க மேடம்" என்றார். கழற்றினேன். அந்த முகம்தான் நான் என்று அவர் ஒத்துக்கொண்டு உள்ளே விட்டார். ஒரு கையில் பாஸ்போர்ட், கண்ணாடி. இன்னொரு கையில் குழந்தை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அப்படியே திரும்பிப் பார்த்தேன். கம்பித் தடுப்புக்கு அப்பால் வண்ணங்கள் மட்டும் நின்றன. நீலம், மஞ்சள், யாரோ தூக்கிய கைகள். அம்மா எங்கே, ஸ்டெல்லா எங்கே, எதுவும் பிரியவில்லை. என் இடுப்பில் இருந்த மகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். அவள் பார்த்த பக்கமாக நானும் கையை ஆட்டினேன்.