முதலாளிக்கு மூக்காக இருந்த ஆறு மாதம்

வளைகுடாவில், அஜ்மானுக்குப் பக்கத்து முவைலாவில் நான் வேலை பார்த்த ரெஸ்டாரன்ட் ஒரு குடும்பத்துடையது. முதலாளி இத்தாலிக்காரர், அவர் மனைவி போலந்துக்காரர். மேடம் கொழுக்கட்டை மாதிரி மடித்து அவிக்கிற பியரோகி செய்வார். முதலாளி பாஸ்தாவும் லசான்யாவும். பத்து வயது மகள் பள்ளி விட்டதும் கிச்சனுக்கே வந்து, மூலையில் மேசை போட்டு ஹோம்வொர்க் எழுதுவாள். உதவிக்கு நான் ஒருவன்தான்.

நான் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. முதலாளிக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் குடும்பம் கோயில் சமையலுக்குப் போகிற குடும்பம். சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைத்தால் எச்சில். உப்பு கூடியதா குறைந்ததா என்பது கொதிக்கிற வாசனையிலேயே எனக்குப் பிடிபட்டுவிடும்.

ஒருநாள் தக்காளி சாஸ் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. முதலாளி அந்தச் சட்டிக்கு மேலேயே குனிந்து நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லையாம்.

“பாய், மேடம்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா கடை கலாஸ். இனிமே நீதான் எனக்கு மூக்கு, அச்சா?”

தலையாட்டினேன். விசா அவர் கையில் இருந்தது என்று இப்போது காரணம் சொல்லலாம். பொய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன்பிறகு எந்தச் சட்டியை இறக்கினாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். சரி என்றால் கண்ணைச் சிமிட்டுவேன். என் லீவு நாளில் கெட்டுப்போன இறைச்சியை எடுத்து வதக்கியிருக்கிறார். நல்லவேளை, மேடம் கண்டுபிடித்தார். மறுநாள் நானும் சேர்ந்து ஃப்ரிட்ஜ் மேல் பழி போட்டேன்.

ஆறாவது மாதம். அன்று எனக்குச் சாயந்திர டூட்டி. அஜ்மானிலிருந்து வரும் பஸ் டிராஃபிக்கில் சிக்கி ஒரு மணி நேரம் லேட். பின்கதவைத் திறந்ததும் கேஸ் வாடை முகத்தில் அறைந்தது. வெளியே வெயில் கொளுத்தியதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. முதலாளி லைட்டரோடு அடுப்புக்குக் குனிந்துகொண்டிருந்தார். மூலையில் மகள் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

“மாஃபி லைட்டர்! மாஃபி!” வேண்டாம், வேண்டாம் என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சிலிண்டரை மூடிவிட்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே நேரம் மேடம் சூப்பர் மார்க்கெட் பைகளோடு வந்தார். திறந்த கதவு வழியாக வாடை அவருக்கும் எட்டிவிட்டது.

“நாத்தம் அடிக்குதுன்னு அப்பாகிட்ட சொன்னேன்,” என்றாள் மகள். “பூண்டுதான்னு சொன்னார்.”

மேடம் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மேடம் பைகளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவருக்கு எத்தனை நாளா இப்படி?”

பதில் சொல்லும் முன், பழக்கதோஷம், முதலாளி முகத்தைப் பார்த்தேன். அதை மேடம் பார்த்துவிட்டார்.

“தினமும் இவளை இங்க விட்டுட்டுத்தான் நான் சாமான் வாங்கப் போறேன்,” என்றார். “அதுவும் உனக்குத் தெரியும்.”