முத்திரை குத்திய காகிதங்கள்

நிக்கிஃபருக்குக் கார் என்றால் பைத்தியம். அமெரிக்காவில், பிரிட்ஜ்போர்ட் பித்தளை ஆலையில் ஒன்பது வருஷம் வெந்தவன், ஓரிடத்தில் உட்கார மாட்டான்; முட்டைக்கோஸ் சூப் குடிக்கும்போதுகூடக் கால் பிரேக்கைத் தேடும். ருஷ்யத் தொழிலாளர் சங்கத்தில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறார்கள் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தான். மாதாமாதம் சந்தா முத்திரை ஒட்ட, கையில் ஒரு சிவப்பு உறுப்பினர் புத்தகம் கொடுத்தார்கள். அரசாங்கமே வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்ததாம். படிக்கத் தெரிந்தால்தானே அவனுக்கு!

அந்த வருஷம், 1919இல், நாடெல்லாம் குண்டு பீதி. எவனோ பெரிய மனிதர்கள் வீட்டில் குண்டு வைத்தான், இடி ருஷ்யர்கள் எங்கள் தலையில் விழுந்தது. அப்படிப்பட்ட சங்கத்தில் பெயர் இருந்தாலே போதும், வெளிநாட்டுக்காரனைச் சொந்த நாட்டுக்கே கப்பலேற்றலாம் என்று முந்தின வருஷமே சட்டம் போட்டிருந்தார்கள்.

நவம்பரில் ஒரு காலை இரண்டு அதிகாரிகள் அவன் கதவை இடித்தார்கள். பக்கத்து அறைக்காரி நான், ஓடினேன்.

"காகிதமெல்லாம் எங்கம்மா?"

அவன் மனைவி உஸ்தீன்யா என் பக்கம் திரும்பினாள். "பெலகேயாக்கா, எதைக் காட்டறது?"

"முத்திரை இருக்கிறதையெல்லாம் காட்டுடி! பாத்துட்டுப் போயிடுவாங்க."

ருஷ்யாவில் எங்கள் ஊரில் அப்படித்தான். எத்தனை முத்திரையோ, அத்தனை நல்லவன். அவள் தகரப்பெட்டியைக் கவிழ்த்தாள். சந்தா முத்திரைகளோடு அந்தச் சிவப்புப் புத்தகமும் விழுந்தது.

நிக்கிஃபர் படியிறங்கும்போது சிரிக்கப் பார்த்தான். "அழாதடி, கார்லதான் கூட்டிட்டுப் போறாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டவன் அவன். அதோடாவது சும்மா இருந்தேனா, பாவி! மறுநாளே, "மிச்சத்தை வச்சிருந்தா உன்னையும் பிடிப்பாங்க" என்றேன். அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். அடுப்புக் கதவைத் திறந்து பிடித்தது நான்.

டிசம்பரில் அவனை ஏற்றிய கப்பல் கிளம்பப்போகிறது என்று தெரிந்ததும் இருவரும் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினோம்.

"நானும் அவரோட போறேன், ஐயா. அவர் பொண்டாட்டி நான்."

"கல்யாணப் பத்திரம்?"

"இல்லீங்க, அடுப்புல எரிஞ்சுபோச்சு... இந்தக்கா சாட்சி."

"ஆளைக் கேக்கல. காகிதத்தைக் கேட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கப்பல் அவள் இல்லாமல் போனது.

பதினோரு வருஷமாகிறது. இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. தபாலில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என்னிடம் எடுத்து வருகிறாள்.

"அக்கா, இதை வச்சுக்கவா, எரிச்சிடவா?"

குத்திக்காட்டவில்லை. நம்பித்தான் கேட்கிறாள்.