சக்கரவர்த்திக்குப் பயந்து செய்த கல்யாணம்

ஜெர்வே ஒரு பயந்தாங்கொள்ளி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒருத்திதான் பதினொரு வருடம் அதை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பேசிப் பேசி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது. அவன் கட்டியிருக்க வேண்டியது என்னைத்தான்.

பாரிஸில் சக்கரவர்த்தி முடி சூட்டிக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் கோயில் மணியை அடித்த அடியில் கயிறே அறுந்துபோனது. என் அப்பா மரக்காலணியோடு சந்தையில் ஆடினார். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு வெற்றி, வெற்றிக்கு ஒரு மணி. கூடவே வருடத்துக்கு ஒரு தடவை லிமோஜ் நகரத்திலிருந்து அதிகாரி வருவார். பைக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வயது வந்த பையன்களைக் கைவிட்டு எடுக்கச் சொல்வார். சின்ன எண் வந்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். என் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் சின்ன எண்தான் வந்தது. ஒருவன் ஸ்பெயினில் மண்ணுக்குள் கிடக்கிறான். இன்னொருவன் ரஷ்யாவில் பனிக்குள் கிடக்கிறான்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றில் ஜெர்வேயின் முறை வந்தது. கல்யாணமானவனைச் சீட்டெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். அதனால் தலையை வாரிக்கொண்டு என் அப்பாவிடம் வந்து பெண் கேட்டான். அப்பா கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"என் ரெண்டு பசங்களும் சக்கரவர்த்திக்காகப் போனாங்கடா. நீ என் பொண்ணு பாவாடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க வந்தியா? எழுந்து போடா!"

இருபத்தொரு வயதுவரை அப்பா சம்மதமில்லாமல் ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் அதே சக்கரவர்த்திதான். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது.

அந்த வருடம் பட்டாளத்துக்குத் தப்பிக்க எங்கள் பக்கத்துப் பையன்கள் கிழவிகளைத் தேடித் தேடிக் கட்டினார்கள். ஜெர்வேக்குக் கிடைத்தவள் கிணற்றடி வீட்டு விதவை லியோனார்து. வயது அறுபத்து மூன்று, பல் நான்கு. விறகு பிளந்து தந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டாள். மேயர் முன்னால் கையெழுத்து மட்டும்தான், கோயில் பக்கமே போகவில்லை. வெளியே ஊர்க்காரர்கள் பானையும் சட்டியும் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாப்ளே, பாத்துக் கூட்டிட்டுப் போ. படியில விழுந்தா கல்யாணமும் கருமாதியும் ஒரே நாள்ல ஆயிடும்!"

லியோனார்து என்னிடம் வந்து கன்னத்தைக் கிள்ளினாள். "அழாதடி உர்சுல். உன் ஆள பத்திரமா வெச்சிருக்கேன். அந்த மனுஷன் ஒழிஞ்சதும் வந்து வாங்கிக்க." விவாகரத்துக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மூன்று பேரும் இந்தக் கூத்தில் இறங்கினோம்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் அந்த மனுஷன், அதான் சக்கரவர்த்தி, தோற்று ஒழிந்தார். அவரைக் கொண்டுபோய் ஒரு தீவில் விட்டார்கள். பழைய ராஜ குடும்பம் திரும்பி வந்து, மேயர் வீட்டில் ராஜாவின் வெள்ளைக்கொடி ஏறியது. அப்பா இடிந்துபோய், யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டார். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"ஜெர்வே, ஆளு போயாச்சு! நாளைக்கே கோர்ட்டுக்கு நட!"

அவன் கோடரியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கொஞ்சம் பொறு, பார்க்கலாம். தீவுலதானே இருக்காரு? தீவுன்னா படகு இருக்கும். திரும்பி வந்துட்டாருன்னா? பொண்டாட்டி இல்லாதவனைத்தானே முதல்ல பிடிப்பாங்க?"

பத்து மாதம் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்தேன். எதற்கும் அசையவில்லை. பதினைந்தாம் வருடம் மார்ச் மாதத்தில் சக்கரவர்த்தி நிஜமாகவே படகேறி வந்துவிட்டார். "நான் சொன்னேன்ல?" என்று ஜெர்வே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் சொன்னது பலித்தது. அதுதான் என் தலையில் மண்ணைப் போட்டது.

ஜூனில் பெல்ஜியத்தில் நடந்த சண்டையில் சக்கரவர்த்தி தோற்று எல்லாம் முடிந்தது. இந்தத் தடவை அவரைக் கொண்டுபோய் விட்டது படகே போகாத தீவில். இனி என்ன சாக்கு? நானே அவனைப் பிடித்துத் தள்ளினேன். ஆனால் விவாகரத்துக்குக் காரணம் வேண்டும். நாலு பேர் முன்னால் கேவலமாகத் திட்டினால் போதும் என்று விசாரித்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, ஜெர்வேயும் லியோனார்தும் எதிரெதிரே நின்றார்கள்.

"திட்டுடா," என்றாள் அவள் மெதுவாக.

"என்னன்னு?"

"கிழட்டு மூதேவின்னு சொல்லேன்."

"நீங்க எனக்குச் சூப்பு வெச்சுத் தர்றீங்களேம்மா..." பொண்டாட்டியை அம்மா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

லியோனார்துக்குப் பொறுமை போய்விட்டது. "பயந்தாங்கொள்ளிப் பயலே! ஒரு வார்த்தை திட்டக்கூட வக்கில்லாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? உன்னைப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு பன்னியை வளத்திருந்தா கறியாவது மிஞ்சியிருக்கும்!" அரை மணி நேரம் ஓயவில்லை. பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் வழக்கைப் போட்டது ஜெர்வே, பொண்டாட்டி அவமானப்படுத்தினாள் என்று.

நீதிபதி செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார். ஒரு வருடம் பிரிந்து இருங்கள், அதற்கப்புறமும் மனம் மாறாவிட்டால் விவாகரத்து தருகிறேன் என்றார். ஜெர்வே அவன் அம்மா வீட்டுக்குப் போனான். நான் சுவரில் கரியால் கோடு போட்டு நாளை எண்ணினேன். நான்கு மாதம் பாக்கியிருந்தபோது, மே மாதத்தில், ராஜாவின் ஆட்கள் விவாகரத்துச் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள். பாதியில் நிற்கும் வழக்குகளுக்கும் கிடையாதாம். தனித்தனியாக இருந்துகொள்ளலாம், கல்யாணம் மட்டும் போகாதாம்.

மேயர் அதைப் படித்தபோது நான் கத்திய கத்தலில் கோழிகள் பறந்தன. சக்கரவர்த்தி இருந்தவரை பட்டாளம் இருந்தது, விவாகரத்தும் இருந்தது. ராஜா வந்து இரண்டையும் எடுத்துவிட்டார். சும்மா சேர்ந்து வாழ்ந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பாதிரியாரையும் தெரியாது, என் அப்பாவையும் தெரியாது.

ஜெர்வே திரும்ப லியோனார்து வீட்டுக்கே போனான். விறகு பிளக்க ஆள் வேண்டுமே. எனக்கு அவள்மேல் கோபம் வந்ததா? வந்தது. அவள் இருமினால் என் மனம் துள்ளும், உடனே வெட்கமாக இருக்கும். சூப்புக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இருபத்தோராம் வருடம் சக்கரவர்த்தி அந்தத் தீவிலேயே செத்துப்போன செய்தி வந்தது. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. லியோனார்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைவிட இருபது வயசு சின்னவர்டி. அவரே போய்ச் சேந்துட்டாரு. நான் போக மாட்டேங்கிறேன் பாரு. வாராவாரம் கும்பிட்டுக் கேக்கறேன், சாமி காதுலயே விழல. மன்னிச்சுக்க." அவள் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அழத்தான் செய்தேன்.

இருபத்து நான்காம் வருடப் பனிக்காலத்தில் அவள் போனாள். போகும் முன் என்னைக் குனியச் சொல்லி, "புதைச்ச மறுநாளே அவனை மேயர்கிட்ட இழுத்துட்டுப் போ. யோசிக்க விடாதே," என்றாள்.

புதைத்த மறுநாளே போனேன். எனக்கு வயது முப்பது. ஜெர்வே கறுப்புச் சட்டையில், கண் வீங்கி உட்கார்ந்திருந்தான். நிஜமாகவே அழுதிருந்தான். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

"கெளம்பு ஜெர்வே."

"ஊர் என்ன சொல்லும் உர்சுல்? துக்கம் ஒரு வருஷம் இருக்கே. கொஞ்சம் பொறு, பார்க்கலாம்."

சக்கரவர்த்தி இல்லை. லியோனார்து இல்லை. எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. யாரைத் திட்டுவது என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன், அந்த அறையில் அவன் மட்டும்தான் இருந்தான். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன்.

வருடம் முடிந்த அன்று சரியாக வந்தான், தலையை வாரிக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. கதவைப் பாதி திறந்தேன்.

"கொஞ்சம் பொறு, பார்க்கலாம்," என்றேன்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. பாரிஸில் அந்த ராஜாக்களும் போய் இப்போது வேறொரு ராஜா வந்திருக்கிறாராம். ஜெர்வே இன்னும் எனக்கு விறகு பிளந்து தருகிறான்.