பேரிகை ரோட்டு வீட்டில் சவுண்ட் வராத டிவி

சவுண்ட் வரவில்லை என்று போன் வந்தால் நான் உடனே பையைத் தூக்கமாட்டேன். ரிமோட்டில் மியூட் விழுந்திருக்கிறதா என்று கேட்பேன். அடுத்து செட்டாப் பாக்ஸ் வால்யூம். பாதிக் கேஸ் போனிலேயே முடிந்துவிடும். இந்தக் காலத்து டிவியில் ஸ்பீக்கர் போவது அபூர்வம், ஆட்கள் எதையாவது அமுக்கி வைப்பதுதான் அதிகம். ஓசூரில் இத்தனை வருடம் சர்வீஸ் செய்ததில் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

பேரிகை ரோட்டில் ஒரு லைன் வீட்டிலிருந்து கூப்பிட்ட கவிதாவிடமும் அப்படித்தான் கேட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த குடும்பம்.

"எல்லாம் பாத்துட்டேண்ணே. வால்யூம் நூறுல நிக்குது, பொட்டுச் சத்தம் இல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். ஒரே அறை. கணவர் சரவணன் மெஷின் ஆபரேட்டர், கல்யாணமானதிலிருந்து நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். அதனால் டிவி எப்போதும் மியூட். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாராம் கவிதா. எங்கள் ஊர் ஷிப்ட் வீடுகள் எல்லாம் இப்படித்தான், பகலில் காலிங் பெல் அடித்தால் நமக்குத்தான் திட்டு விழும்.

அந்த வாரம்தான் சரவணனுக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்திருந்தது. இனி பாட்டெல்லாம் சத்தமாகக் கேட்கலாம் என்று மியூட்டை எடுத்தால் டிவி வாயைத் திறக்கவில்லை.

"சும்மாவே போட்டு வச்சதுல ஸ்பீக்கர் துருப்பிடிச்சிருக்குமாண்ணே?"

"துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இருங்கம்மா, பாக்கறேன்."

மெனுவுக்குள் போனால் சவுண்ட் அவுட்புட் புளூடூத்தில் நின்றது. சரவணன் எப்போதோ கிரிக்கெட் பார்க்க இயர்போனை இணைத்திருக்கிறார். இயர்போன் உடைந்துபோனது, செட்டிங் அப்படியே இருந்துவிட்டது. டிவி ஸ்பீக்கருக்கு மாற்றினேன். வால்யூம் நூறில் இருந்ததால் விளம்பரம் ஒன்று வெடித்துக்கொண்டு வந்தது. கவிதா காதைப் பொத்தினார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா "ஏமைந்தி?" (என்னாச்சு?) என்று வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்.

டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணம் அடுக்கி விளையாடிய அவர்கள் மகள் மட்டும் அசையவில்லை. மூன்று வயதை நெருங்கும் குழந்தை. அடுத்த கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தாள்.

சத்தத்தைக் குறைத்தேன். கவிதா சிரித்தார். "இவ தங்கம்ணே. அவுக அப்பா தூங்கும்போது கம்முனு இருப்பா. இப்படி ஒரு பிள்ள கெடைக்காதுன்னு லைனே சொல்லும்."

"பாப்பா பேசுதாம்மா?"

"இன்னும் இல்லண்ணே. அவுக அப்பாவும் லேட்டாத்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையின் முதுகைப் பார்த்தார். "பாப்பா" என்றார். "பாப்பா!" ஓடிப்போய்த் தட்டும் கரண்டியும் எடுத்துவந்து, பின்னால் நின்று அடித்தார். குழந்தை திரும்பவில்லை. அம்மாவின் நிழல் கிண்ணத்தின் மேல் விழுந்தபோதுதான் நிமிர்ந்து சிரித்தாள்.

"நல்ல பிள்ள, நல்ல பிள்ளன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேனேண்ணே" என்று கவிதா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, உடனே காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காட்டினார்கள். முன்பே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது காதில் மெஷின் மாட்டிப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

பிறகொரு நாள் பஸ் ஸ்டாப்பில் சரவணனைப் பார்த்தேன்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புவாளான்னு டாக்டர் கேட்டாருண்ணே. எந்திரிச்சு, தூக்கிக் கொஞ்சிட்டு வேலைக்கு ஓடிருவேன். ஒரு நாள்கூட அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்ததில்ல."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சவுண்ட் டெஸ்ட் பண்ணும்போது டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அதற்குக் காது போதும். கண் அந்த வீட்டு மனிதர்கள் மேல் இருக்கட்டும்.