ட்ரம்பெட்காரரின் ஈறு: திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை

வழக்கமாக இங்கே கடற்கரை, கோயில் என்று எழுதுவேன். இது பல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதை. என் கணவர் ஏழுமலை கல்யாண பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுபவர். பொங்கல் முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கிய வாரத்தில் அவருடைய மேல்வரிசை முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. பல் தேய்த்தால் ரத்தம் வருவது பல வருடப் பழக்கம். வாத்தியம் அழுத்துவதால்தான் என்று நினைத்திருந்தார்.

காலை எட்டு மணிவாக்கில் திருவொற்றியூரில் ரயில் ஏறினோம். ராயபுரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். பீச் வண்டியா, சென்ட்ரல் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். நாங்கள் கேட்கவில்லை. சென்ட்ரல் வண்டி பேசின் பிரிட்ஜ் பக்கம் திரும்பிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, கொருக்குப்பேட்டையில் இறங்கி, ராயபுரம் வழியாகப் போகும் பீச் வண்டிக்காக அரை மணி நேரம் நின்றோம். சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இவர் எதையும் பார்க்கவில்லை, நாக்கால் பல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

ராயபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ. சின்ன வயது டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஈறுக்கடியில் தங்கிய கிருமிகள் விஷத்தைக் கக்குகின்றன, அதை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டையிலேயே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிடுகிறது என்றார். மற்ற பற்களை ஈறுக்கடியில் சுத்தம் செய்து காப்பாற்றலாம். முன்பற்கள் நான்கையும் எடுக்கத்தான் வேண்டும்.

"பல்லு கட்டிகினா ஊதலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை மேஜைமேல் வைத்தார். பிறகு, "சாப்பிடலாம், பேசலாம். பழையபடி ஊதலாம்னு என்னால சொல்ல முடியல," என்றார்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்ன யோசனை என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. பாட்டு உள்ள ஓடிகினே கீது. காத்துதான் இனிமே நிக்காது."

அடுத்த வாரம் பற்களை எடுத்தார்கள். இப்போது அதே செட்டில் பின்வரிசையில் பெரிய டிரம் அடிக்கிறார். ட்ரம்பெட்டைத் தன் தோஸ்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன் அதை ஒரு முழு சாயங்காலமும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஈறில் ரத்தம் கண்டதுமே கிளம்புங்கள். வலிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இவருக்குக் கடைசிவரை வலிக்கவே இல்லை.